தேய்வதும் காப்பதும்

குன்றாண்டார்கோவிலுக்குச் சென்றவர்கள் அங்குள்ள கல் தேரை மறக்கமாட்டார்கள். கி.பி. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குடைவரைக் கோயிலின் முன்னே, பிற்காலத்தில் எழுந்த மண்டபம் அது. சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேராகவே அதனை அமைத்திருக்கிறார்கள். சிற்பிகள் உளியால் கல்லை வென்றனர் என்று நாம் வியக்கிறோம். ஆனால் அன்றாடம் தோற்றது உளியே. கருங்கல்லில் சற்று நேரம் உழைத்ததும் அதன் கூர் மழுங்கிவிடும். உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்தால்தான் மறுபடியும் வேலை நடக்கும். கருவியைச் செப்பனிடத் தெரியாதவன் கல்லைச் செதுக்கவும் முடியாது.

அண்மையில் அவ்வூரிலிருந்து திரும்பும் வழியில் ஒரு கல் பட்டறையைக் கண்டேன். உளியோசையைக் காட்டிலும் கிரைண்டரின் ஓசையே அங்கு மிகுந்திருந்தது. 'ஏ.ஜி. 4' என்று தொழிலாளர் அழைக்கும் கைக்கருவி அது. 4 அங்குல வட்டு ஒன்று அதன் முனையில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. ஜெர்மனியில் ஃபிளெக்ஸ் நிறுவனம் 1954-இல் அறிமுகப்படுத்திய அதிவேகக் கருவியின் வழிவந்தது இது.

நான் நின்றிருந்தபோதே ஓர் இளைஞர் கையிலிருந்த கருவி புகைந்து நின்றுவிட்டது. ஆர்மேச்சர் எரிந்துபோயிற்று, அன்றைய கூலியும் போயிற்று. பட்டறையின் முதியவர் ஒருவர் அதனைக் கழற்றி, தேய்ந்து குறுகிய இரண்டு கரித்துண்டுகளை என் உள்ளங்கையில் வைத்தார். "இவற்றை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் ஆர்மேச்சர் பிழைத்திருக்கும், ஐயா" என்றார்.

மாணவ நண்பர்களே, அதன் காரணத்தைக் கேளுங்கள். சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பவை 'கார்பன் பிரஷ்' எனப்படும் அத்துண்டுகளே. அவை செம்பினாலான கம்யூட்டேட்டரை உரசியபடி இருக்கின்றன. விலை மிகுந்த செம்பு தேயாதிருக்க, விலை குறைந்த கரி தேயவேண்டும் என்பதே ஏற்பாடு. கரி மிகவும் குறுகினால் வில்லின் அழுத்தம் தளர்கிறது, தீப்பொறி பறக்கிறது, செம்பு குழிவிழுகிறது, வெப்பம் ஏறிச் சுருள் எரிகிறது. வழக்கத்துக்கு மாறாகப் பொறி பறந்தால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு இரண்டு கரிகளையும் ஒருசேர மாற்றவேண்டும்.

கருவியை வலிந்து அழுத்துவதும் தவறு. அழுத்தினால் வேகம் குறையும். உட்புகும் மின்னோட்டம் கூடும். குளிரூட்டும் விசிறியும் அதே தண்டில் இருப்பதால் அதுவும் மெதுவாகும். வெப்பம் பெருகும் வேளையிலேயே காற்று குறைகிறது! கடும் வேலைக்குப் பின் வட்டினைக் கல்லிலிருந்து எடுத்து, சிறிது நேரம் வெறுமனே சுழலவிட்டால் உள்ளே சூடு தணியும்.

அந்த விசிறி இழுக்கும் காற்றோடு கல்தூசியும் உட்புகுகிறது. கருங்கல்லிலுள்ள குவார்ட்ஸ் செம்பைவிடக் கடினமானது. அது பேரிங்கை அரிக்கிறது. சுருளின் மேற்பூச்சையும் தேய்க்கிறது. ஆகவே காற்றுத் துளைகளை நாள்தோறும் தூய்மை செய்யவேண்டும்.

இனி முதியவர் கடைசியாகச் சொன்னதைச் சொல்கிறேன். "கருவி இழுக்கும் தூசியைத்தானே, ஐயா, நாங்களும் இழுக்கிறோம்?" என்று கேட்டுவிட்டு இருமினார். கல்தூசி நுரையீரலில் படிவதால் வருவது சிலிக்கோசிஸ். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களில் ஒன்றாகக் குறித்தது. வந்தபின் அதனை முற்றிலும் போக்க மருந்து இல்லை. தூசியை உறிஞ்சும் அமைப்பும், முகத்தில் பொருந்தும் தகுந்த முகமூடியும் வேண்டும். நீர்விட்டு அறுப்பதானால் அதற்கென்றே செய்த கருவி வேண்டும். சாதாரண மின்கருவியில் நீர் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

கரித்துண்டு தேய்ந்தால் கீரனூர்க் கடையில் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். நுரையீரலுக்கு அப்படி ஒரு கடை எங்கும் இல்லை. நாளை பொறியாளராகவோ பட்டறை முதலாளியாகவோ ஆகப்போகும் நீங்கள், கருவியைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் அதனைப் பிடித்திருந்த மனிதரையும் சற்று நினைத்துப் பாருங்கள்.