சூடேறும் காடியும் கழற்றி எறியும் தெர்மோஸ்டாட்டும்



தோட்டத்தில் பழைய காடி வைத்திருப்பவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. “நம் நாடோ வெயில் நாடு. இங்கே தெர்மோஸ்டாட் எதற்கு? அதைக் கழற்றி எறிந்தால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும்” என்பார்கள். நாமும் அதை நம்பியவர்தாம். நம்பியதற்கு அடையாளமாக நமது வலக்கையில் ஒரு தழும்பு இருக்கிறது.

நாம் வாங்கியது பலர் கைமாறி வந்த காடி. ஒரு சம்பளச் சனிக்கிழமை, பீடோர் கடைத்தெரு நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது சூடு காட்டும் முள் மேலே ஏறியது. பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் பத்தே நிமிடத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி நம் கையில் கொடுத்து, “இனித் தொல்லையில்லை, வாத்தியாரே” என்றார். அவர் சொன்னது போலவே முள் அடியிலேயே படுத்துக் கிடந்தது. நமக்கு மகிழ்ச்சி. காலையில் எஞ்சின் இருமியதையும், எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போல ஏதோ படிந்ததையும், பெட்ரோல் செலவு கூடியதையும் கண்டும் காணாதது போல இருந்துவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து ரிங்லெட்டில் உறவினர் வீட்டுத் திருமணம். தாப்பாவிலிருந்து மலையேறினோம். காடியில் துணைவியார், பிள்ளைகள் மூவர், சீர்த்தட்டுகள் வேறு. லாத்தா இஸ்கண்டார் அருவியை நெருங்கும்போது முள் சிவப்பைத் தொட்டது. பொனட்டின் இடுக்கில் ஆவி கிளம்பியது. அருவியில் தண்ணீர் பிடித்து வந்து, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, ராடியேட்டர் மூடியைத் திருகினோம். அவ்வளவுதான்! கொதிநீர் பீறிட்டு அடித்தது. முழங்கை வரை வெந்துபோயிற்று. இளைய மகன் வேடிக்கை பார்க்க இரண்டு அடி தள்ளித்தான் நின்றிருந்தான். அவன் முகத்தில் பட்டிருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஏன் அப்படிப் பீறிட்டது? பானையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ராடியேட்டரோ இறுக்கி மூடிய பாத்திரம். பல காடிகளின் மூடியில் 0.9 என்று எண் பொறித்திருக்கும். அது அந்த மூடி தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். தண்ணீர் அந்தக் கணமே ஆவியாக வெடித்துக் கிளம்பும். ஆகவே வழியில் காடி கொதித்தால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அரை மணி நேரமாவது காத்திருங்கள். மேல்குழாய் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணி போட்டு, மூடியை முதல் படி மட்டும் திருகி ஆவியைப் போகவிடுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டவும் கூடாது. எஞ்சினின் தலைப்பகுதி வளையும் அல்லது வெடிக்கும். கொதிக்கும்போது ஹீட்டரைத் திறந்துவிடச் சொல்லும் புத்தகங்கள் உண்டு. அவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. இங்கே ஓடும் பழைய காடிகள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது!

இனி, நாம் கழற்றிய அந்தப் பொருளைப் பார்ப்போம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உருண்டையையும் வளையத்தையும் காட்டி, பொருள்கள் சூட்டில் விரியும் என்று கற்பித்தார்கள். தெர்மோஸ்டாட்டும் அதே பாடம்தான். சிறு பித்தளைக் கிண்ணத்தில் மெழுகு அடைத்திருக்கும். மெழுகு உருகி விரியும்போது ஒரு கம்பியைத் தள்ளும், அடைப்பு திறக்கும். மெழுகு கசியாதிருக்க உள்ளே ஒரு ரப்பர் உறை உண்டு. நம் மரத்துப் பாலில் செய்த ரப்பர் எண்ணெய்க்குத் தாங்காது என்பதால் அங்கே இருப்பது செயற்கை ரப்பர். அதில் நமக்குச் சற்று வருத்தந்தான்!

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இந்த அடைப்பு மூடியிருக்கும். தண்ணீர் ராடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். எஞ்சின் விரைவில் உரிய சூட்டை அடையும். 82 பாகை அல்லது 88 பாகை வந்ததும் அடைப்பு திறக்கத் தொடங்கும். அந்த எண் அதன் மேலேயே பொறித்திருக்கும். வெளியே வெயில் 32 பாகை. எஞ்சினுக்கு வேண்டியதோ 80-க்கு மேல். வெயில் நாடு என்பதால் அந்த இடைவெளி நிரம்பிவிடாது. குளிர்ந்தே ஓடும் எஞ்சின் பெட்ரோலை அதிகம் குடிக்கும். உள்ளே வியர்க்கும் நீர் எண்ணெயோடு கலந்து அந்த வெண்ணெய்ப் படிவாகும். பிஸ்டன் ஓடும் சுவரும் விரைவில் தேயும்.

அப்படியானால் காடி ஏன் கொதித்தது? அது எப்போது கொதிக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நெரிசலில் நின்றால் சூடேறி, ஓடும்போது இறங்கினால், விசிறியைப் பாருங்கள். டட்சன் 120ஒய் போன்ற காடிகளில் விசிறியைப் பெல்ட் சுழற்றும். 1985-இல் வந்த முதல் சாகா போன்றவற்றில் மின்சார விசிறி. அதைத் தூண்டும் சுவிட்ச் கெட்டால் சுழலாது. நின்றால் நன்றாக இருந்து மேட்டில் கொதித்தால், ராடியேட்டர் அடைப்பையோ தண்ணீர் பம்பையோ ஐயப்பட வேண்டும். எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைந்து, புகைக்குழாயில் வெண்புகை விடாமல் வந்தால், எஞ்சின் தலைக்குக் கீழுள்ள கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்குப் பட்டறைதான். முள்ளையும் முழுக்க நம்பாதீர்கள். தண்ணீர் அறவே வற்றினால் முள் தவறாகக் கீழே இறங்குவதும் உண்டு.

தெர்மோஸ்டாட்டை அறியக் கையே போதும். குளிர்ந்த காடியைக் காலையில் கிளப்பி, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் கையைக் கொடுக்காமல் ராடியேட்டரின் மேல்குழாயைத் தொட்டுப் பாருங்கள். பல பழைய காடிகளில் சில நிமிடம் குழாய் குளிர்ந்தே இருந்து, பிறகு திடீரெனச் சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் அடைப்பு திறந்தபடி நிற்கிறது. முள் சிவப்புக்குப் போயும் குழாய் குளிர்ந்திருந்தால் அது மூடியபடி சிக்கிக்கொண்டது.

கை ஆறிய பிறகு தோட்டத்து லோரி எஞ்சின்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் காடியைக் காட்டினோம். விசிறிச் சுவிட்ச் கெட்டிருந்தது. அதனால்தான் பீடோரில் சூடேறியது. ராடியேட்டரைக் கழற்றினார். அதன் குழாய்களில் பாதி அடைபட்டுக் கிடந்தன. கிணற்றுத் தண்ணீர் கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவும் துருவும்! ஆண்டுக்கணக்கில் அந்தத் தண்ணீரையே ஊற்றி வந்தோம். அதுதான் மலையில் கொதித்தது.

“அந்தத் தெர்மோஸ்டாட்டை வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். காடிக்குள் கிடந்தது. பழைய பால்டின் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, அடியில் படாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பில் வைத்தார். துணைவியாரும் பிள்ளைகளும் சூழ்ந்து நின்றார்கள். தண்ணீரில் சிறு குமிழ்கள் எழும்போதே அடைப்பு மெல்ல வாய் திறந்தது. கொதிக்கும்போது முழுக்கத் திறந்தது. வெளியே எடுத்ததும் ஆறி மூடிக்கொண்டது. கெடவே இல்லை! குற்றம் செய்தவர்களை விட்டுவிட்டு, வேலை செய்துகொண்டிருந்தவனை மூன்று மாதம் வெளியே தள்ளியிருந்தோம்.

அதையே திரும்பப் பொருத்தினார். ஓரத்திலுள்ள சிறு துளை மேலே இருக்க வேண்டும். காற்று வெளியேற அதுவே வழி. கேஸ்கெட் மட்டும் புதிது. கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாகத் துருவைத் தடுக்கும் கூலண்டைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றினோம். முள் இப்போது நடுவில் நிற்கிறது. பெட்ரோல் செலவும் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

தாய்மார்களுக்கு ஒன்று. கூலண்டு பச்சை, சிவப்பு என்று சர்பத்து போலத் தெரியும், இனிக்கவும் செய்யும். ஆனால் நஞ்சு. பிள்ளையும் நாயும் ஆசையாகக் குடித்துவிடும். அதைச் சர்பத்துப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வடித்த பழைய நீரை லயத்துக் கால்வாயில் கொட்டாமல், மூடிய டின்னில் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, பட்டறைக்குப் போகும்போது அங்கே கொடுத்துவிடுங்கள்.