அச்சகத்தில் விலை கேட்கும் முன்

(திண்டிவனத்தில் குழு ஊக்குநர்கள் கூட்டத்தில் பேசியது)



மல்லாட்டை உருண்டை, செக்கு எண்ணெய், ஊறுகாய் எல்லாம் நம்ம குழுக்கள் நல்லாத்தான் செய்யுறாங்க. லேபிள் அடிக்கப் போகும்போதுதான் தடுமாற்றம். "ஆயிரம் ஸ்டிக்கர் என்ன விலை?" என்று மட்டும் கேட்டால், அச்சகத்துக்காரர் தன் மனசில் ஒரு தாளை நினைத்து ஒரு விலை சொல்வார். விழுப்புரத்தில் ஒருத்தர் 1,800 ரூபாய், திண்டிவனத்தில் ஒருத்தர் 1,400 ரூபாய் சொன்னதாக வைத்துக்கொள்வோம். எது மலிவு? டிசைன் கூலி, லேமினேஷன், ஜி.எஸ்.டி. எல்லாம் அதில் அடங்கியிருக்கா என்று தெரியாமல் சொல்ல முடியாது.

ஜி.எஸ்.எம். என்பார்கள். பயப்படாதீங்க. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. ஏ4 தாள் 16 பரப்பினால் ஒரு சதுர மீட்டர் வரும். 80 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு ஏ4 தாள் 5 கிராம். விசிட்டிங் கார்டு அட்டை 300 பக்கம் வரும். மேப்லித்தோ என்பது பில் புத்தகத் தாள். ஆர்ட் பேப்பர் வழவழப்பு, கலர் எடுப்பாகத் தெரியும். எண்ணெய் பாட்டிலுக்கு வெறும் காகித ஸ்டிக்கர் வேண்டாம், கறை ஏறிடும். வினைல் ஸ்டிக்கர் கேளுங்க.

காசு கூடுவதும் குறைவதும் கலரில்தான். ஆஃப்செட்டில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிளேட். போட்டோ போட்ட லேபிளுக்கு 4 பிளேட். 1,000 அடிச்சாலும் 5,000 அடிச்சாலும் பிளேட் செலவு அதேதான், அதனால கூட அடிச்சா ஒன்றின் விலை குறையும். அதுக்காக, விற்குமா என்று தெரியாத சரக்குக்கு 5,000 அடிச்சு பரண்ல போடாதீங்க! 200 போதும்னா டிஜிட்டல் பிரிண்ட், அதுக்கு பிளேட்டே கிடையாது. நாலைந்து குழு சேர்ந்து ஒரே ஷீட்டில் பக்கம் பக்கமாக அடிக்கச் சொன்னால் பிளேட் செலவு பங்காகும்.

அளவு எத்தனை செ.மீ., என்ன தாள், எத்தனை ஜி.எஸ்.எம்., எத்தனை கலர், எத்தனை எண்ணிக்கை, லேமினேஷன் உண்டா, வெட்டித் தரணுமா, என்றைக்கு வேணும் — எல்லாம் ஒரே மாதிரி எழுதி மூன்று அச்சகத்தில் கொடுங்க. பதிலையும் எழுத்தில் வாங்கி, குழுக் கூட்டத்தில் படிச்சுக் காட்டி தீர்மான நோட்டில் ஏத்துங்க.

அடிக்கும் முன் புரூஃப் கேளுங்க. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் 14 இலக்கம், ஒருத்தர் படிக்க இன்னொருத்தர் சரிபார்க்கணும். நிகர எடையும் விலையும் அப்படியே. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின் தப்பு தெரிஞ்சா நஷ்டம் குழுவுக்குத்தான். டிசைன் ஃபைலையும் கேட்டு வாங்கிடுங்க. அடுத்த முறை வேற அச்சகம் போனாலும் மறுபடி டிசைன் கூலி கொடுக்க வேண்டியதில்லை.