மேப்பிள் மட்டை: இழை பார்த்து எடுங்கள்



விளையாட்டுக் கருவிகளைப் பற்றிய இன்றைய உரையில் பேஸ்பால் மட்டையை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் மேப்பிள் மரத்தில் கடைந்த மட்டை. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் ஆட்டங்களில் இன்று பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பிடிப்பது இந்த மட்டையைத்தான். கடையில் வரிசையாக நிற்கும் மட்டைகளில் எதை எடுப்பது? விலையும் வண்ணமும் பெரிய ஆட்டக்காரரின் கையெழுத்தும் கண்ணை இழுக்கும். அவற்றையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால், மரத்தின் இழை கைப்பிடியிலிருந்து நுனிவரை நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். மட்டையின் ஆயுளும் மைதானத்தில் நிற்பவர்களின் பாதுகாப்பும் அந்த இழையில்தான் இருக்கின்றன.

நமக்குப் பழக்கமான கிரிக்கெட் மட்டை வில்லோ மரத்தில் செய்வது. அது லேசான, மென்மையான மரம். அழுத்திப் பதப்படுத்தி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டித்தான் அதைப் பந்துக்குத் தயார் செய்கிறார்கள். பேஸ்பால் மட்டையின் கதை வேறு. அது உருளை வடிவம். கைப்பிடி மெலிந்து, நுனியை நோக்கிப் பருத்துப் போகும். மேஜர் லீக் விதிப்படி அது ஒரே துண்டு மரமாக இருக்க வேண்டும். நீளம் 42 அங்குலத்தையும், மிகப் பருத்த இடத்தின் விட்டம் 2.61 அங்குலத்தையும் தாண்டக் கூடாது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை அந்த ஒற்றைத் துண்டு மரம் எதிர்கொள்கிறது. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தக் கணத்தின் அதிர்ச்சியை மெலிந்த கைப்பிடியும் தாங்க வேண்டும். அதனால்தான் கடினமான மரம் தேவைப்படுகிறது.

தொடக்க காலத்தில் ஹிக்கரி மரம் இருந்தது. உறுதியானது, ஆனால் கனம் அதிகம். மட்டையை வேகமாகச் சுழற்ற வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் விரும்பத் தொடங்கியதும் ஹிக்கரி ஒதுங்கி, ஆஷ் மரம் அந்த இடத்தைப் பிடித்தது. பென்சில்வேனியா, நியூயார்க் மாநிலக் காடுகளில் வளர்ந்த வெள்ளை ஆஷ் மரத்தில்தான் இருபதாம் நூற்றாண்டின் பெரும் ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் ஆடினார்கள்.

மேப்பிளுக்கு வழி திறந்தவர் கனடாவின் ஒட்டாவா நகரில் வாழ்ந்த சாம் ஹோல்மன் என்ற தச்சர். 1996-ஆம் ஆண்டு, பேஸ்பால் அணிகளுக்கு ஆள் தேடும் நண்பர் ஒருவர் அவரிடம், ஆஷ் மட்டைகள் ஓயாமல் உடைகின்றனவே, இதற்கு ஒரு வழி காணக் கூடாதா என்று கேட்டார். ஹோல்மன் தமக்கு நன்கு தெரிந்த கடின மேப்பிளைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றினார். நாம் மேப்பிள் பாகு என்று அறிந்திருக்கிறோமே, அந்தப் பாகைத் தரும் சர்க்கரை மேப்பிள் மரம்தான் அது. 1997-இல் டொராண்டோ புளூ ஜேஸ் அணியின் ஜோ கார்ட்டர் அந்த மட்டையை எடுத்துப் பார்த்தார். 1993-இல் பந்தை எல்லைக்கு வெளியே பறக்கவிட்டு, அந்தக் கடைசி ஹோம் ரன்னால் உலகத் தொடர் கோப்பையை டொராண்டோவுக்கு வென்று தந்தவர் அவர். பிறகு பேரி பாண்ட்ஸ் என்ற ஆட்டக்காரரும் மேப்பிளுக்கு மாறினார். 2001-இல் ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன் அடித்தார். அதன்பின் மேப்பிளைத் தேடும் ஆட்டக்காரர்கள் பெருகினார்கள்.

இதே காலத்தில் ஆஷ் மரத்துக்கு ஓர் ஆபத்தும் வந்தது. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று 2002-இல் டெட்ராய்ட் நகருக்கு அருகே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் குடைந்து மரத்தின் உணவுப் பாதையை அறுத்துவிடும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. நல்ல ஆஷ் கிடைப்பது குறையக் குறைய, மேப்பிளின் இடம் இன்னும் உறுதியானது.

மேப்பிளில் அடித்தால் பந்து அதிக தூரம் போகுமா? பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லோவல் வளாகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆஷ் மட்டையில் பட்டுப் போகும் பந்துக்கும் மேப்பிள் மட்டையில் பட்டுப் போகும் பந்துக்கும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. மேப்பிளின் சிறப்பு அதன் மேற்பரப்பின் உறுதியில் இருக்கிறது. ஆஷ் மரத்தின் ஆண்டு வளையங்களில் பெரிய நுண்துளைகள் வரிசையாக இருக்கும். அடி வாங்க வாங்க, அந்த வரிசைகளில் மரம் செதில் செதிலாக உரியும். மேப்பிளில் நுண்துளைகள் சிறியவை, மரம் முழுவதும் பரவிக் கிடப்பவை. அதனால் அது உரிவதில்லை. கடைந்த நாளில் இருந்த இறுக்கம் நெடுநாள் அப்படியே இருக்கும்.

ஆனால் இதே குணத்தில் ஓர் அபாயமும் இருக்கிறது. ஆஷ் பெரும்பாலும் விரிசல் விட்டு, செதில் உரிந்து, நமக்கு முன்னெச்சரிக்கை தந்துவிட்டுத்தான் உடையும். மேப்பிள் கடைசி அடிவரை நன்றாக இருப்பது போலத் தோன்றும். திடீரென்று இரண்டாகப் பிளந்து, கூரான துண்டு மைதானத்தில் பறக்கும். 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் அரங்கில் உடைந்த மட்டையின் துண்டு தாக்கிப் பயிற்சியாளர் ஒருவர் முகத்தில் காயமடைந்தார். அதே மாதம் அதே அரங்கில் பார்வையாளர் ஒருவருக்குத் தாடை உடைந்தது. 2010-இல் சிகாகோ கப்ஸ் அணியின் டைலர் கால்வின், ஆட்டத்தில் மூன்றாம் பேஸிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தபோது, சக ஆட்டக்காரரின் உடைந்த மேப்பிள் மட்டைத் துண்டு அவர் மார்பில் குத்தியது. அவர் உயிர் பிழைத்தார்.

2008 ஏப்ரல் விபத்துகளுக்குப் பிறகே மேஜர் லீக் நிர்வாகம் விழித்துக்கொண்டது. அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆட்டங்களில் உடைந்த 2,232 மட்டைகளைத் திரட்டினார்கள். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள அமெரிக்க வனத்துறையின் மர ஆய்வுக்கூட வல்லுநர்களும் சேர்ந்து அவற்றை ஆராய்ந்தார்கள். ஆஷ் மட்டையைவிட மேப்பிள் மட்டை துண்டு துண்டாகச் சிதறும் வாய்ப்பு மூன்று மடங்கு என்று தெரியவந்தது. முக்கியக் காரணம் இழையின் சாய்வு.

இதை விளக்க விறகு பிளப்பவரைப் பாருங்கள். இழை ஓடும் வாக்கில் கோடரியைப் போட்டால் கட்டை எளிதில் இரண்டாகும். குறுக்கே போட்டால் கோடரிதான் களைத்துப் போகும். மட்டையின் நீளத்துக்கு இணையாக இழை ஓடினால், பந்தின் வேகம் இழையைக் குறுக்கே முறிக்க வேண்டியிருக்கிறது. அது கடினம். இழை சாய்ந்து கைப்பிடியின் பக்கவாட்டில் வெளியேறினால், மரம் பிளந்து பிரிவதற்கு நாமே வழி வகுத்துக் கொடுத்ததாகிவிடும்.

மேப்பிளில் இந்தச் சாய்வு வெறும் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. மேலே தெரியும் வளையக் கோடுகள் நேராக இருந்தும், உள்ளே ஓடும் இழை சாய்ந்திருக்கலாம். இதற்கு ஓர் எளிய சோதனை வந்தது. கைப்பிடிப் பகுதியில் ஒரு சொட்டு மை வைப்பார்கள். மை இழை வழியே கோடாகப் பரவும். அந்தக் கோடு மட்டையின் நீளவாக்கிலிருந்து 3 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. அதாவது, ஏறக்குறைய 20 அங்குலத்துக்கு 1 அங்குலம். அதற்கு மேல் சாய்ந்த மட்டைக்கு மேஜர் லீக்கில் இடமில்லை. அடர்த்தி குறைந்த மேப்பிளுக்கும் கட்டுப்பாடு வந்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் சிதறும் மட்டைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது.

ஆகவே, கடையில் மட்டையைக் கையில் எடுத்ததும் முதலில் மைப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். தொழில்முறைத் தரம் என்று விற்கும் மேப்பிள் மட்டைகள் பலவற்றில் அது இருக்கும். புள்ளியிலிருந்து நீளும் மெல்லிய கோடு எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். கைப்பிடியில் அடர்த்தியான வண்ணம் பூசிய மட்டையில் எதுவும் தெரியாது. கைப்பிடியாவது மரத்தின் இயல்பான நிறத்தில் இருக்கும் மட்டையை எடுங்கள். கணு இருந்தால் வேண்டாம். ஆஷ் மட்டையில் வளையங்களை எண்ணிப் பார்க்கும் பழக்கம் உண்டு. மேப்பிளுக்கு அந்தக் கணக்கு பெரிதாகப் பயன்படாது.

அடுத்து எடை. மட்டையின் நீளத்தை அங்குலத்திலும் எடையை அவுன்சிலும் சொல்வார்கள். 33 அங்குல மட்டை 31 அவுன்ஸ் இருந்தால் வேறுபாடு 2. மேப்பிளில் 2 அல்லது 3 இயல்பானது. அதைவிட லேசான மேப்பிள் மட்டை வேண்டும் என்று கேட்டால், அடர்த்தி குறைந்த மரத்தைத்தான் தருவார்கள். அது சீக்கிரம் உடையும். லேசாக வேண்டுமென்றால் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், மரத்தின் அடர்த்தியில் கை வைக்காதீர்கள். நுனியில் கிண்ணம் போலக் குடைந்திருப்பதும் எடை குறைக்கும் வழிதான். 1.25 அங்குல ஆழம்வரை விதி அதை அனுமதிக்கிறது.

வடிவத்தில் மூன்று எண்கள் கடைகளில் அடிக்கடி காதில் விழும். 110 என்பது கைப்பிடி சற்றுத் தடித்து, எடை சமமாகப் பரவிய மட்டை. 271 கொஞ்சம் மெலிந்த கைப்பிடி உடையது, இதிலும் எடை சமமாகவே இருக்கும். 243 நுனி பருத்து, கைப்பிடி மெலிந்து, கனம் முன்பக்கம் சாய்ந்தது. பலமாக வீசித் தூரம் அடிப்பவருக்கு அது உகந்தது. புதிதாக மரமட்டைக்கு வருபவருக்கு என் பரிந்துரை 110 அல்லது 271. அதிலும் 110-இல், பந்து கைப்பிடிக்கு அருகில் பட்டாலும் தடித்த கைப்பிடி தாங்கிக்கொள்ளும். கற்றுக்கொள்ளும் காலத்தில் பந்து அங்கேதான் அதிகம் படும்.

மட்டையைப் பிடிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மட்டையில் பொறித்திருக்கும் தயாரிப்பாளரின் முத்திரை வானத்தையோ தரையையோ பார்க்கும்படி பிடித்து அடிக்க வேண்டும். 2008 ஆய்வுக்குப் பிறகு மேப்பிள் மட்டையில் முத்திரையின் இடத்தையே கால்சுற்று திருப்பி அமைத்தார்கள். மேப்பிளின் வலுவான முகத்தில் பந்து படுவதற்காகச் செய்த மாற்றம் அது. முத்திரை பந்தைப் பார்க்கும்படி பிடித்தால் அந்த ஏற்பாடே வீணாகிவிடும்.

பராமரிப்பு சுருக்கமானது. ஈரத் தரையில் சாய்த்து வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் கைப்பிடியைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழை அளவு விரிசல் கண்டாலும் அன்றோடு அந்த மட்டைக்கு ஓய்வு கொடுங்கள். நாடா சுற்றி, பசை ஒட்டி மறுபடி ஆடுவது ஆபத்து.

மேப்பிள் எல்லோருக்கும் ஏற்றதா? பள்ளியிலும் கல்லூரியிலும் அலுமினிய மட்டை 1970-களிலேயே வந்துவிட்டது. சிறுவர்கள் அதில் தொடங்குவதில் தவறில்லை. ஆனால் தொழில்முறைப் பந்தயத்துக்குப் போக விரும்பும் இளைஞர் மரமட்டையில் பழகியாக வேண்டும். கோடையில் கல்லூரி ஆட்டக்காரர்கள் ஆடும் கேப் காட் லீக் 1985 முதல் மரமட்டையை மட்டுமே அனுமதிக்கிறது. மரமட்டையில் பந்து சரியாகப் பட வேண்டிய இடம் சிறியது. தவறான அடியை அது மன்னிக்காது. அதனாலேயே அது நல்ல ஆசானாகிறது. அடி இன்னும் சீராகாதவருக்கு, மேப்பிளுக்கும் ஆஷுக்கும் நடுவே நிற்கும் பிர்ச் மரமட்டையும் நல்ல தேர்வு. அடி சீரானபின் மேப்பிளுக்கு வரலாம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகளுக்கு மட்டை வாங்கித் தரும் பெற்றோருக்கும், அணிகளை நடத்தும் பயிற்சியாளர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். மட்டை வாங்கப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். மைப்புள்ளியையும் இழையையும் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். சாய்ந்த இழை உள்ள மட்டையை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.