நம் நகருக்கு ஒரு காய்ச்சல் வரைபடம்
(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன ஐப்பசி மழையில் எங்கள் குறுக்குத் தெருவில் நான்கு வீடுகளில் டெங்கு வந்தது. நான்கில் ஒன்று என் வீடு. மனைவி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மற்ற மூன்று வீட்டு விஷயம் எனக்கு மூன்று வாரம் கழித்து மருந்துக்கடையில்தான் தெரிந்தது. கடைசியாகப் படுத்தது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. தெருக்கோடியில் பாதியில் நிற்கும் கட்டடத்தின் சம்ப்பில் மழைநீர் தேங்கிக் கிடந்ததை யாரும் காய்ச்சலோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காரணம் இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது எங்கள் கேட்டில் தகரம் அடித்தார்கள். நோய் பத்து நாளில் போய்விட்டது. அக்கம்பக்கத்தாரின் பார்வை மாறப் பல மாதம் ஆயிற்று. அந்தப் பயத்தில் இந்த முறை மறைத்தேன். முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை படுத்திருக்காதோ என்று இன்றும் உறுத்துகிறது.

கம்ப்யூட்டர் படிக்கும் என் தம்பி மகளிடம் இதைச் சொன்னபோது, "பெரியப்பா, ஒரு வெப் ஆப் செய்து தருகிறேன்" என்றாள். போனில் திறந்தால் நம் நகரின் வரைபடம் வரும். காய்ச்சலா, மூட்டு வலியா, வாந்தியா, எத்தனை நாளாக, எந்தத் தெரு என்று கேட்கும். பெயர், கதவு எண், போன் எண் எதுவும் கேட்காது. டெங்கு கொசு பிறந்த இடத்திலிருந்து அதிக தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் ஓரிரு தெருவுக்குள்தான். ஆகவே தெரு தெரிந்தால் போதும், வீடு தெரிய வேண்டாம். ஒரு தெருவில் மூன்று பதிவு சேர்ந்தால்தான் நிறம் மாறும். இதனால் செய்தி இரண்டு நாள் தாமதமாகத் தெரியலாம். மீண்டும் ஒரு வாசலை எல்லோரும் சுட்டிக்காட்டுவதைவிட அது மேல் என்பது என் கருத்து.

ஒரு வேண்டுகோள். உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்களும் வாரம் ஒருமுறை "நலம்" என்று பதிய வேண்டும். 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது டாக்டர் ஜான் ஸ்நோ சாவுகளை வீட்டுவாரியாக வரைபடத்தில் குறித்தார். அவை ஒரு தண்ணீர் பம்பைச் சுற்றியே குவிந்திருந்தன. பக்கத்திலேயே இருந்த மது ஆலையின் தொழிலாளர் எழுபது பேருக்கு மேல், ஒருவரும் சாகவில்லை. அவர்கள் அந்த பம்ப் தண்ணீரைக் குடிப்பதில்லை. நோய் வராதவர்களும் சாட்சி சொன்னார்கள். வங்கியில் முப்பது வருடம் லெட்ஜர் எழுதியவன் சொல்கிறேன்: பூஜ்யம் வேறு, எழுதாமல் விட்ட கட்டம் வேறு. இரண்டையும் ஒன்றாக எடுத்தால் கணக்கு டேலி ஆகாது.

கூகுள் 2008-ல் மக்கள் இணையத்தில் தேடும் சொற்களை வைத்தே ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்கப் பார்த்தது. 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் உண்மையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. செய்தியைப் பார்த்துப் பயந்து தேடியவர்களும் நோயாளிக் கணக்கில் சேர்ந்திருப்பார்கள். நம் வாட்ஸ்அப் குழுவைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆப் வைத்தியம் சொல்லாது. காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போங்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து வரும். கடும் வயிற்றுவலி, ரத்தக்கசிவு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஒரு தெரு சிவந்தால் சங்கத்தின் வேலை, மறுநாளே அந்தத் தெருவின் தொட்டி, சம்ப், மொட்டைமாடி எல்லாம் பார்ப்பது, சுகாதார ஆய்வாளருக்குச் சொல்வது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான். அடுத்த கமிட்டி கூட்டம் வரை தள்ளிப்போட்டால் வரைபடம் எதற்கு?

சோதனையாக எங்கள் தெருவில் ஒன்றாம் தேதி தொடங்குகிறோம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் ஞாயிறு மாலை 5 முதல் 6 வரை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். நான் உட்கார்ந்திருப்பேன், பதிந்து தருகிறேன்.