ஆடாத பருவம்: கல்லூரி விளையாட்டில் நிறுவனக் குற்றமும் அணிக்குத் தண்டனையும்



அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுத் துறை முறைகேடு செய்தால் அணி முழுவதையும் தண்டிப்பது நியாயமா என்ற கேள்வி இந்த அவைக்குப் புதிதன்று. சட்டவியல் சகாக்கள் நெடுங்காலமாக ஒரே பதிலைச் சொல்லி வருகிறார்கள். தவறு செய்த பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார், அகப்படுபவன் ஒன்றும் அறியாத இளைஞன்; இது அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளையைக் கட்டிவைக்கும் வேலை என்கிறார்கள். சான்று கேட்டால் டாலஸைக் காட்டுகிறார்கள். டாலஸ் வழக்கே அவர்கள் கட்சியைக் கவிழ்க்கிறது என்பதுதான் இவ்வுரையின் வாதம்.

1. டாலஸ், 1987

டெக்சஸ் மாநிலத்து டாலஸ் நகரில் உள்ளது சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம். 1980களின் தொடக்கத்தில் எரிக் டிக்கர்சன், கிரெய்க் ஜேம்ஸ் ஆகியோரின் ஓட்டத்தால் அதன் அமெரிக்கக் கால்பந்து அணி நாடெங்கும் பேசப்பட்டது. 1982இல் அது ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கூடாது என்பது அன்றைய விதி. பணக்கார ஆதரவாளர்களோ ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தார்கள். கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. இதற்காக 1985இல் அணியைத் தண்டித்தது. ஐந்தாண்டுக்குள் இரண்டாம் முறை பெருங்குற்றம் செய்யும் துறையை மூடிவிடலாம் என்ற விதியும் அதே ஆண்டில் நிறைவேறியது.

அதற்குப் பிறகும் பணம் நிற்கவில்லை. 1985-86 கல்வியாண்டில் 13 ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 47,000 டாலர் போயிற்று. 1986 நவம்பரில் டாலஸ் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இதை வெளிக்கொணர்ந்தது. சில வாரங்களுக்குள் பல்கலைக்கழகத் தலைவர், விளையாட்டு இயக்குநர், தலைமைப் பயிற்சியாளர் மூவரும் பதவி விலகினார்கள்.

சகாக்கள் கவனிக்காமல் கடந்து போகும் இடம் இதுதான். தனிமனிதர்களைத் தண்டித்தால் போதும் என்ற அவர்கள் கொள்கைப்படி பார்த்தால், 1986 டிசம்பரிலேயே வழக்கு முடிந்திருக்க வேண்டும். பதவியில் இருந்த மூவரும் போய்விட்டார்கள். ஆனாலும் உண்மை இன்னும் வெளிவரவில்லை.

1987 பிப்ரவரி 25 அன்று என்.சி.ஏ.ஏ. அந்த ஆண்டின் ஆட்டப் பருவம் முழுவதையும் ரத்து செய்தது. பத்திரிகைகள் இதை 'மரண தண்டனை' என்றே எழுதின. ஒரு வாரம் ஆவதற்குள், மார்ச் 3 அன்று, டெக்சஸ் ஆளுநர் பில் கிளெமென்ட்ஸ் செய்தியாளர்களிடம் பேசினார். மீண்டும் ஆளுநராவதற்குமுன் அவர்தான் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் தலைவர். ஏற்கெனவே வாக்களித்த ஆட்டக்காரர்களுக்கு, அவர்கள் படிப்பை முடிக்கும்வரை பணம் கொடுத்துப் படிப்படியாக நிறுத்தலாம் என்ற முடிவு ஆட்சிக்குழு மட்டத்தில், தமக்குத் தெரிந்தே எடுக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டார். பின்னர் மெதடிஸ்ட் ஆயர்கள் குழு விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டிலேயே அந்த ஆட்சிக்குழு கலைக்கப்பட்டது.

பயிற்சியாளரோடு விஷயம் முடிந்திருந்தால் இந்த ஒப்புதல் வந்திருக்குமா என்பது ஐயமே. குற்றம் நிறுவனத்தின் தலைமையிலேயே இருந்தது. நிறுவனமே ஆட்டங்கண்டபோதுதான் அது வெளிவந்தது.

ஆட்டக்காரர்களின் கதி என்ன என்று சகாக்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கல்லூரி மாறுபவன் ஓர் ஆண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற அன்றைய விதி இவர்களுக்குத் தளர்த்தப்பட்டது. பிற கல்லூரிப் பயிற்சியாளர்கள் வளாகத்துக்கே வந்து ஆள் சேர்த்தார்கள். பலர் அந்த ஆண்டே வேறு அணிகளில் ஆடினார்கள். பருவத்தை நிறுத்தியது நிறுவனத்தை அடித்தது. இளைஞனுக்குக் கதவு திறந்திருந்தது.

உண்மையான அநீதி அதே தீர்ப்பின் இன்னொரு வரியில் இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் 55 உதவித்தொகைகள் பறிக்கப்பட்டன. பணம் வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் போன பிறகு வந்து சேரும் ஏழை மாணவனின் இடம் அது. 1988 பருவத்தைப் பல்கலைக்கழகமே கைவிட்டது. பழைய மாணவரும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரருமான ஃபாரஸ்ட் கிரெக், பெரும்பாலும் முதலாண்டு மாணவர்களைக் கொண்டு 1989இல் அணியை மீண்டும் களமிறக்கினார். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திடம் அந்த அணி 95-21 என்று தோற்றது. அடுத்த பருவ முடிவுக் கோப்பை ஆட்டம் 2009இல்தான் கிடைத்தது. பருவ ரத்தைக் கண்டிப்பவர்கள் இந்த 55 இடங்களைப் பற்றியும் பேச வேண்டும்.

அந்தப் பணம் இன்று சட்டப்படி சம்பளமாகிவிட்டதே என்பார் உண்டு. 2025 முதல் கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தருவது மெய்தான். டாலஸ் தண்டிக்கப்பட்டது பணத்துக்காக மட்டும் அன்று. திருந்துவோம் என்று வாக்குக் கொடுத்த மறுநாளும் தெரிந்தே அதை மீறியதற்காக.

2. பென் ஸ்டேட்டும் தென் கலிஃபோர்னியாவும்

டாலஸோடு பிந்தைய இரண்டு வழக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2012 ஜூலையில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 6 கோடி டாலர் அபராதம், நான்கு ஆண்டு பருவ முடிவு ஆட்டத் தடை, 112 வெற்றிகள் நீக்கம். முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களுக்கு இழைத்த பாலியல் கொடுமை தொடர்பான தண்டனை இது. குழந்தைப் பாதுகாப்புக்கென விதித்த அபராதம் நிறுவனத்தைச் சென்றடைந்தது. வெற்றிகளை அழித்ததோ எந்தக் குழந்தையையும் காக்கவில்லை. 2015இல் அவை திருப்பித் தரப்பட்டன.

தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நிலை இதைவிட மோசம். முறைகேட்டுக்காக அணியைத் தண்டித்த 2010 ஜூன் தீர்ப்பு வருமுன்பே பயிற்சியாளர் பீட் கேரல் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். கடைசி இரண்டு ஆண்டு மாணவர்கள் மட்டுமே காத்திராமல் கல்லூரி மாற முடிந்தது, இளையவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 30 உதவித்தொகைகளும் போயின. சகாக்களின் வாதம் பொருந்துவது இங்கேதான்.

3. இனி

2023இல் முறைகேட்டில் சிக்கிய டென்னஸிப் பல்கலைக்கழகத்துக்குப் பருவ முடிவு ஆட்டத் தடை இல்லை. 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதமும் உதவித்தொகைக் குறைப்பும் விதிக்கப்பட்டன. தடையை விட்டு அபராதத்துக்கு நகரும் இந்தப் போக்கு நல்லதா என்பதைத் தனியே ஆராய வேண்டும். அபராதத் தொகை யார் பையிலிருந்து போகிறது, கால்பந்து வருவாயை நம்பியிருக்கும் நீச்சல், தடகள அணிகள் அதனால் மூடப்படுகின்றனவா என்று கணக்குப் பார்க்கலாம். 1987இல் டாலஸை விட்டுப் போனவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று தேடலாம். கல்லூரி மாறுவது எளிதாகிவிட்ட இக்காலத்தில் பருவத் தடையின் சுமை யார்மேல் விழுகிறது என்பதும் ஓர் ஆய்வுக்குரியது. ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்குத் தனித் தண்டனை விதிக்க என்.சி.ஏ.ஏ.வுக்கு அதிகாரம் தரலாமா என்பதைச் சட்டத்துறை மாணவர் எவரேனும் எடுத்துக்கொண்டால், ஆயர்கள் குழுவின் அறிக்கையிலிருந்து தொடங்கலாம்.