தொண்டும் ஆராய்ச்சியும்

(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



உழவாரப் படையைக் கையிலேந்தித் திருக்கோயில் வீதிகளிற் புல்லைச் செதுக்கிய திருநாவுக்கரசு சுவாமிகளைக் குருவாகக் கொண்ட நமக்குத் தொண்டின் பெருமையைப் பிறர் வந்து எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆதலால், அதனை அடுத்து எழும் வினா ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். நாம் செய்யும் தொண்டு, அதனைப் பெறுகின்றவருக்கு மெய்யாகவே நன்மை தந்ததா என்பதை எவ்வாறு அறிவது? செய்தோம் என்ற மனநிறைவு அதற்குப் போதிய சான்றாகுமா?

இவ்வினாவுக்கு விடை காண முயன்ற ஆராய்ச்சியொன்று அமெரிக்காவில், ஓகையோ மாநிலத்திலுள்ள கிளீவ்லாந்து நகரில், 1960ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. முதியோர் நலனுக்காக அங்கு இயங்கும் பெஞ்சமின் றோஸ் நிறுவனத்தில், மார்கிறற் பிளெங்கினர் என்னும் அம்மையார் அதனைத் தலைமை தாங்கி நடத்தினார். அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோராய், அறிவு தளர்ந்து, தம்மைத் தாமே பேண இயலாமல் வீடுகளில் வாழ்ந்த 164 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். சீட்டுப் போடுவதை ஒத்த முறையினால் அவர்களை இரு பிரிவாக்கினர். 76 பேருக்கு அனுபவம் மிக்க சமூக சேவையாளர்கள் ஓராண்டுக் காலம் நெருங்கிப் பணி செய்தனர். வைத்தியமும் சட்ட உதவியும் பண உதவியும் வீட்டு உதவியும் தேடிக் கொடுத்தனர். ஏனைய 88 பேருக்கு ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் உதவிகளே கிடைத்தன.

முடிவு எவ்வாறிருந்திருக்கும் என்று நினைக்கின்றீர்கள்? ஓராண்டு கழிந்தபோது, மிகுந்த பணி பெற்றவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வீட்டை விட்டுப் பராமரிப்பு நிலையங்களுக்கு மாற்றப்பட்டிருந்தார். மற்றப் பிரிவில் ஐவரில் ஒருவரே அவ்வாறு மாற்றப்பட்டார். பணி பெற்றவர்களில் நாலில் ஒரு பங்கினர் இறந்திருந்தனர். மற்றவர்களில் இறந்தோர் ஐந்தில் ஒரு பங்கினும் குறைவு.

பணியை நடத்தியவர்களுக்கு இது எத்துணை வேதனை தந்திருக்கும்! ஆயினும் அம்மையாரும் அவர்தம் துணைவர்களும் அதனை மறைக்காமல் 1971இல் வெளியிட்டனர். பழகிய வீட்டையும் அயலையும் விட்டுப் பெயர்க்கப்படுவதே முதியோருக்குத் தீங்காகலாம் என்பது அம்மையாரின் கருத்து. 1976இல் பேகர், பிலியாவின் என்னும் இருவர் அதே எண்களை மீண்டும் ஆராய்ந்தனர். பணி பெற்ற பிரிவினர் தொடக்கத்திலேயே முதுமையும் தளர்ச்சியும் கூடியவர்களாக அமைந்துவிட்டனர். ஆகவே அவர்தம் இறப்புக்குப் பணியைக் காரணமாக்க இயலாது என்று அவர்கள் வாதித்தனர். எனினும், அப்பணி நன்மை செய்தது என்று நிறுவவும் அவ்வெண்கள் உதவவில்லை.

இதனால் தொண்டே வேண்டாம் என்று கொள்வது பெருந்தவறு. 88 பேர் கொண்ட மற்றப் பிரிவு இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? ஒரு முதியவர் இறந்தபோது, வயது போனவர்தாமே என்று சேவையாளர் ஆறியிருப்பர். நாம் செய்தது சரியா என்று எவரும் கேட்டிரார். ஒப்பிட்டுப் பார்த்ததனாலேயே அக்கேள்வி பிறந்தது.

ஒன்றும் செய்யாது விடுவதும் பாதுகாப்பன்று. 28 நாடுகளில் நிகழ்ந்த 52 ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான கட்டுரையொன்று, அறுபது வயதைக் கடந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோவொரு கொடுமைக்கு உட்படுகின்றார் என மதிப்பிட்டது. கொடுமை செய்பவர் பெற்ற பிள்ளையாக இருந்தால் எந்தத் தாய் வாய் திறப்பாள்? பக்குவமாகக் கேட்டறியும் ஆராய்ச்சியே இத்தகைய துன்பங்களை வெளிக்கொணர்கின்றது.

ஆகவே தலையிடவும் வேண்டும்; அளவறிந்து தலையிடவும் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் வழங்கும் 2005ஆம் ஆண்டின் உளத்தகைமைச் சட்டம் இவ்வளவைக் கூறுகின்றது. வயது வந்த ஒருவர் தம் கருமத்தைத் தாமே முடிவு செய்ய வல்லவர் என்றே முதலிற் கொள்ளல் வேண்டும். அவர் எடுக்கும் முடிவு நமக்கு விவேகமற்றதாகத் தோன்றினும், அதனால் மட்டும் அவர் திறனற்றவராகார். அவருக்காகப் பிறர் முடிவு செய்ய நேரின், அவரது சுதந்திரத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி உண்டா என்று முன்னரே சிந்தித்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பேண வழியற்ற பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரச் சபையொன்றை அமைத்துள்ளது. இதனை அறியாத முதியோருக்கு அறிவிப்பதும் தொண்டேயாகும்.

இளைஞர்களே! தனித்து வாழும் ஆச்சி ஒருவரைக் காணச் செல்கின்றீர்கள். வீடு ஒழுகுகின்றது, அடுப்பு எரியவில்லை. உடனே இல்லத்திற் சேர்த்துவிடுவோம் என்று உங்கள் இளநெஞ்சம் துடிக்கும். சற்றுப் பொறுங்கள். “ஆச்சி, உங்களுக்கு என்ன வேணும்?” என்று முதலிற் கேளுங்கள். கூரையை வேய்ந்து, ஒருவேளைச் சோறு கொடுத்தால் அவர் தம் வளவிலேயே இருக்க விரும்பலாம். அடியோ பட்டினியோ கண்டால் தாமதியாது பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.

சங்கத்திற் குறிப்பேடு ஒன்று வைத்திருங்கள். அவர் கேட்டது என்ன, நாம் செய்தது என்ன, மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் அவர் நிலை என்ன என்று அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். அவர் பெயரும் குடும்பக் கதையும் சந்திக்கு வராமற் காப்பது உங்கள் கடமை. ஆண்டு முடிவில் அந்த ஏட்டைப் பெரியோர் முன் வைத்து, எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று கூச்சமின்றி ஆராயுங்கள். எத்தனை பொதி கொடுத்தோம் என்ற கணக்கோடு இந்தக் கணக்கும் நம் ஆண்டறிக்கையில் இடம்பெறுவதாக.

திருவருள் துணை நிற்க.