சென்னையில் விடுதி பிடிக்கும் முன்

கோவை, ஈரோடு, பொள்ளாச்சியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் குறைந்த வாடகை விடுதி தேடும்போது, முதலில் திறந்து பார்க்க வேண்டியது குளியலறைக் குழாயை. ஆற்றுத் தண்ணீருக்குப் பழகிய உடம்புக்குக் கடலோரத்து உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்வது கடினம்.

கடலோரத்தில் மண்ணுக்குள் தேங்கிய மழைநீர்தான் கடல்நீரை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் அதை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே புகும். தண்ணீர் கரிக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. கையில் சோப்பைத் தேய்த்தால் நுரை வரவேண்டும். நுரைக்காமல் பிசுபிசுத்தால் அது உப்புத் தண்ணீர். குழாயின் கழுத்தில் வெள்ளையாகப் படை கட்டியிருந்தாலும் அதே சங்கதிதான். அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் குழாயைத் திறந்து பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. குடிக்கவும் சமைக்கவும் எந்தத் தண்ணீர் என்பதையும் கேட்க வேண்டும்.

அடுத்தது உரிமம். தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-இல் தனிச் சட்டமே வந்தது. பதிவும் உரிமமும் இல்லாமல் விடுதி நடத்தக் கூடாது. தங்க வருபவர் உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். அதில் கூச்சம் வேண்டியதில்லை. அரசே நடத்தும் ‘தோழி’ விடுதிகள் தாம்பரம், அடையாறு பகுதிகளில் உள்ளன. அங்கே இடம் கிடைக்குமா என்று முதலிலேயே விசாரிப்பது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் அடைமழை. தாழ்வான தெருவில் தரைத்தள அறை மலிவாகக் கிடைத்தால், போன மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டுவிட வேண்டும்.